பன்னிரண்டு தீப்பெட்டி, ஒரு தராசு: விடை வேண்டாம், துப்பு மட்டும் கொடுங்கள்

#1 மாடிக்காற்று

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நாலு பேர், பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது ஆளுக்கொரு வேலை. சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மணி வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். முன்பெல்லாம் சீட்டுதான். கோடையில் ஒரு நாள் கரண்ட் போய், நாலு பேருக்கும் ஒரே ஒரு டார்ச் லைட் என்று ஆனது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு சரவணன் பாலம் கடக்கும் புதிரைச் சொன்னான். அதற்குப் பிறகு சீட்டுக்கட்டு வெளியே வரவே இல்லை.

தெரியாதவர்களுக்காக அந்தப் புதிர்: நாலு பேர் இருட்டில் ஒரு பழைய பாலத்தைக் கடக்க வேண்டும். பாலம் ஒரு நேரத்தில் இரண்டு பேரைத்தான் தாங்கும். இருப்பது ஒரு டார்ச், அது இல்லாமல் யாரும் அடியெடுத்து வைக்க முடியாது. ஒருவன் 1 நிமிடத்தில் கடப்பான், அடுத்தவன் 2, மூன்றாமவன் 5, கடைசி ஆள் 10. சேர்ந்து போனால் மெதுவாக நடப்பவன் வேகம்தான் கணக்கு. 17 நிமிடத்தில் எல்லோரும் அக்கரையில் இருக்க வேண்டும்.

ஒரு நிமிடக்காரனே ஒவ்வொருவரையும் கூட்டிப்போய் விட்டுவிட்டு வரட்டும் என்று போட்டால் 19 வருகிறது. அந்த இரண்டு நிமிடத்தைக் குறைக்க எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. 5-ஐயும் 10-ஐயும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பது சீக்கிரமே பிடிபட்டது. அனுப்பிவிட்டால் டார்ச்சை யார் திருப்பிக் கொண்டு வருவது? அங்கேதான் நின்றோம். கடைசியில் மணி சொன்னான்: "ரெண்டு நிமிஷக்காரன் முன்னாடியே போய் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கட்டும்டா." 1-ம் 2-ம் போக 2 நிமிடம், 1 திரும்ப 3, 5-ம் 10-ம் போக 13, காத்திருந்த 2 திரும்ப 15, மறுபடி 1-ம் 2-ம் போக 17. நாலு பேரும் கத்திய கத்தலில் கீழ் வீட்டில் விளக்கு எரிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரமாக ஒரே புதிரில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். பன்னிரண்டு நாணயம், பார்க்க எல்லாம் ஒன்றுபோல. ஒன்று மட்டும் எடையில் மாறியது. அது கனமா லேசா என்றுகூடத் தெரியாது. எடைக்கல் கிடையாது, தட்டுத் தராசு மட்டும். மூன்றே முறை நிறுத்து, எது மாறியது, அது கனமா லேசா என்று சொல்ல வேண்டும்.

மணியின் அப்பா முன்பு மளிகைக் கடை வைத்திருந்தார். அவருடைய பழைய தராசைப் பரணிலிருந்து இறக்கி, பன்னிரண்டு தீப்பெட்டியை வைத்துச் செய்கிறோம். அவரே ஒன்றில் மட்டும் குச்சியைப் பாதி எடுத்துவிடுவார், அல்லது பொடிக்கல் போட்டுவிடுவார். எங்களுக்குத் தெரியாது. மாடிக் காற்றில் தட்டு ஆடிக்கொண்டே இருக்கிறது என்று மாடிப்படித் திருப்பத்துக்கு இறங்கி வந்து நிறுக்கிறோம். நாலாவது முறையில் எப்போதும் கண்டுபிடித்துவிடுகிறோம். மூன்றில் முடியவில்லை.

விடை எழுதிவிடாதீர்கள். எங்கள் கூட்டத்தில் போன் எல்லாம் கீழே அரிசி டப்பா மேல் இருக்கும், அப்படி ஒரு கட்டுப்பாடு. ஒரு துப்பு கிடைத்தால் போதும். அப்புறம், நண்பர்களோடு உட்கார்ந்து புதிர் போடுபவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

#2 ஒற்றையடிப்பாதை

முதலில் நாலுக்கு நாலு வைக்கணும். அப்புறம் இரண்டாவது முறை

#3 தேன்மிட்டாய்

அண்ணா, அங்கேயே நிறுத்துங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்! மூன்று வாரம் யோசித்தவர்கள் நாலாவது வாரமும் யோசிக்கட்டும்.

#4 ஒற்றையடிப்பாதை

சரி, மன்னிக்கணும். மீதியை எழுதாமல் விட்டுவிட்டேன்.

#5 திண்ணைக்கணக்கு

முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். இந்தப் புதிரை ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போடுவேன். விடையைத் தொடாமல் ஒரு வழி காட்டுகிறேன்.

தராசைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். எத்தனை விதமாக இருக்கலாம் என்று மட்டும் எண்ணுங்கள். பன்னிரண்டில் எது வேண்டுமானாலும் மாறியிருக்கலாம், ஒவ்வொன்றும் கனமாகவோ லேசாகவோ இருக்கலாம். ஆக 24 விதம். ஒரு முறை நிறுத்தால் தராசு மூன்றில் ஒன்றைச் சொல்லும்: இடது இறங்கும், வலது இறங்கும், இல்லை சமமாக நிற்கும். மூன்று முறைக்கு 27 பதில். 24-ஐ 27-க்குள் அடக்க வேண்டும். இடம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை.

இனி முதல் நிறுவையைப் பாருங்கள். அது முடிந்ததும் கையில் இருப்பது இரண்டு முறை, அதாவது 9 பதில். அதனால் முதல் முறை எந்தப் பக்கம் போனாலும் மிஞ்சுவது 9-க்கு மேல் போகக் கூடாது. ஆறுக்கு ஆறு வைத்தால் 12 மிஞ்சும், ஆகாது. ஐந்துக்கு ஐந்து வைத்துத் தட்டு சாய்ந்தால் 10, ஆகாது. மூன்றுக்கு மூன்று வைத்துச் சமமாக நின்றால் வெளியே இருக்கும் ஆறுக்கும் சேர்த்து 12, அதுவும் ஆகாது. நாலுக்கு நாலு வைத்தால் எப்படிப் போனாலும் 8. வேறு வழியே இல்லை. தம்பி ஒற்றையடிப்பாதை சொல்ல வந்தது சரிதான், ஆனால் ஏன் நாலு என்று தெரிந்துகொண்டு வைப்பதற்கும் யாரோ சொன்னார்கள் என்று வைப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

இதே கேள்வியை இரண்டாவது நிறுவைக்கும் கேளுங்கள். அப்போது மிஞ்சுவது மூன்றுக்கு மேல் போகக் கூடாது. இதற்கு மேல் நான் பேசினால் உங்கள் சனிக்கிழமையைக் கெடுத்தவனாவேன்.

#6 மாடிக்காற்று

ஐயா, மிக்க நன்றி. நாங்கள் முதல் வாரம் முழுக்க ஆறுக்கு ஆறு வைத்துக்கொண்டிருந்தோம்! எண்ணிப் பார்க்கலாம் என்றே தோன்றவில்லை. சனிக்கிழமை வந்து சொல்கிறேன்.

#7 தேன்மிட்டாய்

அனுபவம் கேட்டீர்களே, எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். போன பொங்கல் லீவில் நாலு நாள் வீடே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. காரணம் மூன்று டம்ளர்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் போட்டி நடத்திய மான்டி ஹால் பெயரில் வழங்கும் புதிர் அது. மூன்று கதவு, ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடு. நீங்கள் ஒரு கதவைக் காட்டுகிறீர்கள். போட்டி நடத்துபவர் மற்ற இரண்டில் ஆடு இருக்கும் ஒன்றைத் திறந்து காட்டி, "மாற்றிக்கொள்கிறீர்களா?" என்று கேட்கிறார். மாற்றலாமா, கூடாதா?

நான் மாற்றணும் என்றேன். என் கொழுந்தனார் வங்கியில் இருக்கிறார், கணக்கில் புலி. "மிச்சம் ரெண்டு கதவு அண்ணி, ரெண்டுல ஒண்ணு. மாத்தினா என்ன, மாத்தாட்டி என்ன?" என்று விடவே இல்லை. வாயால் பேசிப் பயனில்லை என்று மூன்று எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து ஆடத் தொடங்கினோம். என் பெண் காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டாள். 60 ஆட்டம். மாற்றினால் பழம் கிடைத்திருக்கும் என்பது 41 ஆட்டத்தில்.

ஆனால் எண்ணிக்கை அவரை மாற்றவில்லை. இருபதாவது ஆட்டம்போல, பழத்தை ஒளிக்கும் முறை அவருக்கு வந்தது. நான் ஒரு டம்ளரைக் காட்டும்போதெல்லாம் மீதி இரண்டில் எதைத் தூக்குவது என்று அவர் கை ஒரு நொடி நிற்கும். பழம் இருக்கும் டம்ளரைத் தூக்கிவிடக் கூடாதே! அப்படி நிற்கும்போதுதான், "ஓ, நான் தெரிஞ்சேதானே தூக்குறேன்" என்றார். அவ்வளவுதான், சண்டை முடிந்தது.

#8 ஒற்றையடிப்பாதை

அக்கா, இதில் மட்டும் நான் உங்கள் கொழுந்தனார் கட்சி. இரண்டு டம்ளர் மீதி இருக்கிறது, பழம் ஏதோ ஒன்றில் இருக்கிறது. பாதிக்குப் பாதிதான். 60 ஆட்டம் என்பது கொஞ்சம். தற்செயலாக அப்படி வந்திருக்கலாம்.

#9 திண்ணைக்கணக்கு

தம்பி, உங்களோடு நிற்க நிறையப் பேர் உண்டு. 1975-ல் ஸ்டீவ் செல்வின் என்ற புள்ளியியலாளர் ஓர் ஆய்விதழுக்கு இதைக் கடிதமாக எழுதினார். 1990-ல் மர்லின் வாஸ் சவான்ட் என்ற பெண்மணி 'பரேட்' பத்திரிகையில் தன் கேள்வி-பதில் பகுதியில் மாற்றுவதே நல்லது என்று எழுதியதும், சுமார் பத்தாயிரம் கடிதங்கள் வந்தன. அவற்றில் ஆயிரத்துக்குக் கிட்ட முனைவர் பட்டம் பெற்றவர்கள் எழுதியவை. பெரும்பாலானோர் அவர் தவறு என்றே அடித்துச் சொன்னார்கள். அவர் சொன்னதுதான் சரி. பால் எர்டிஷ் என்ற மாபெரும் கணித மேதையே கணினியில் ஓட்டிக் காட்டிய பிறகுதான் இதை ஏற்றுக்கொண்டார்.

நூறு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒன்றைத் தொடுகிறீர்கள். பழம் எங்கே என்று தெரிந்தவர் மீதி 99-ல் 98 காலி டம்ளரை ஒவ்வொன்றாக நிமிர்த்துகிறார். ஒன்றை மட்டும் தொடாமல் தாண்டிப் போகிறார். எதற்காகத் தாண்டினார்?

#10 ஒற்றையடிப்பாதை

அந்த ஒன்றைத் தாண்டிப் போவது... சரி ஐயா. நூறில் எனக்குப் புரிகிறது. நான் முதலில் தொட்டது பழமாக இருக்க நூறில் ஒரு வாய்ப்பு, அது நான் தொட்ட நேரத்திலேயே முடிவாகிவிட்டது. அவர் என்ன தூக்கினாலும் அது மாறாது. மூன்றிலும் அதே கதை: மூன்றில் ஒன்று என்னுடையது, மூன்றில் இரண்டு மற்றதற்கு.

ஆனால் ஒரு சந்தேகம் விடவில்லை. தெரிந்தவர் தூக்காமல், பூனை வந்து ஒரு டம்ளரைத் தட்டிவிட்டு, அது காலியாக இருந்தால்?

#11 தேன்மிட்டாய்

இந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றவே இல்லை! நாளைக்கே செய்து பார்க்கிறேன்.

#12 செம்பவாங்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். "யாருக்கு என்ன தெரியும்" என்று பேச்சு வந்ததால் எங்கள் ஊர்ப் புதிர் ஒன்று.

2015 ஏப்ரலில் ஒரு தொலைக்காட்சி அறிவிப்பாளர் இங்கே நடந்த பள்ளிக் கணித ஒலிம்பியாட் கேள்வி ஒன்றைப் பேஸ்புக்கில் போட்டார். இரண்டு மூன்று நாளில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான கேள்வி என்று முதலில் செய்தி கிளம்பியதும் இங்கே பெற்றோர்கள் பதறிப் போனார்கள். உயர்நிலை மாணவர்களுக்கானது என்று பிறகு தெரிந்தது. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் ஆறு பேர் இரண்டு நாள் இதைத்தான் பேசினோம்.

செரில் தன் பிறந்தநாளுக்குப் பத்துத் தேதிகளைக் கொடுக்கிறாள்: மே 15, 16, 19, ஜூன் 17, 18, ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. ஆல்பர்ட்டின் காதில் மாதத்தை மட்டும் சொல்கிறாள், பெர்னார்டின் காதில் தேதியை மட்டும்.

ஆல்பர்ட்: எனக்குப் பிறந்தநாள் எப்போது என்று தெரியாது, ஆனால் பெர்னார்டுக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும்.
பெர்னார்ட்: முதலில் எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது.
ஆல்பர்ட்: அப்படியானால் எனக்கும் தெரிந்துவிட்டது.

எங்கள் மேசையில் மூன்று பேருக்கு ஆகஸ்ட் 17 வந்தது, மூன்று பேருக்கு ஜூலை 16. இரண்டு பக்கமும் தாள் நிறைய எழுதி வைத்திருந்தோம், எங்கும் கணக்குப் பிழை இல்லை. பிறகு ஒரு அம்மா, எங்கள் கணக்குப் பிரிவில் மூத்தவர், முதல் வரியை உரக்கப் படிக்கச் சொன்னார். ஆகஸ்ட் 17 கட்சி அந்த வரியை, "பெர்னார்டுக்குத் தெரியவில்லையாம்" என்று எடுத்துக்கொண்டு 18, 19 தேதிகளை மட்டும் அடித்திருந்தது. ஆனால் பெர்னார்ட் இன்னும் வாயே திறக்கவில்லை. தன் கையில் இருக்கும் மாதத்தை மட்டும் வைத்து, அவனுக்குத் தெரிந்திருக்கவே முடியாது என்று ஆல்பர்ட் சொல்கிறான். மே என்றால் 19 ஆக இருக்கலாம், ஜூன் என்றால் 18 ஆக இருக்கலாம், அப்போது பெர்னார்டுக்கு உடனே தெரிந்திருக்கும். ஆகவே இரண்டு மாதமும் முழுசாகப் போய்விட்டன. மீதி ஜூலை, ஆகஸ்ட். 14 என்றால் பெர்னார்ட் இன்னும் குழம்புவான், எனவே அது போனது. மிச்சம் ஜூலை 16, ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 17. ஆல்பர்ட்டுக்கும் தெரிந்துவிட்டது என்றால் ஆகஸ்டாக இருக்க முடியாது, அதில் இரண்டு இருக்கிறதே.

ஜூலை 16. அந்த அம்மாவை அன்று முதல் நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறோம்.

#13 நெல்லைச்சீமை

நல்ல இழை. எங்கள் ஆச்சி சொன்ன புலி, ஆடு, புல்லுக்கட்டுதான் நான் கேட்ட முதல் புதிர். படகில் ஒன்றைத்தான் ஏற்றலாம். தனியே விட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, யார்க் நகரத்து ஆல்குயின் தொகுத்ததாகச் சொல்லும் ஆயிரத்திருநூறு வருடப் பழைய இலத்தீன் ஏட்டிலும் இது ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று இருக்கிறது. எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்து மணலில் கோடு கிழித்து மூன்று கூழாங்கல்லை நகர்த்திக் காட்டுவாள். அக்கரைக்குக் கொண்டுபோன ஆட்டைத் திரும்ப இக்கரைக்குக் கொண்டுவரும் கல்லை மட்டும் அவள் நகர்த்த மாட்டாள். நாங்களாக நகர்த்தும் வரை வெற்றிலையை மென்றுகொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாடிக்காற்று எழுதிய பாலத்திலும் அதே இடம்தானே? கடந்து போனவன் திரும்பி வர வேண்டும். கொண்டுபோய்ச் சேர்த்ததைத் திருப்பி எடுக்க நமக்கு மனசு வருவதில்லை. மாட்டிக்கொள்வது எப்போதும் அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

#14 செம்பவாங்

எப்போதும் என்று சொல்ல மாட்டேன். செரில் புதிரில் பின்னால் போகிற அடி எதுவும் இல்லை, அடுத்தவர் தலைக்குள் புகுந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மான்டி ஹாலும் அந்த வகைதான். ஆனால் பாலத்துக்கும் படகுக்கும் நீங்கள் சொல்வது அப்படியே பொருந்துகிறது.

#15 தேன்மிட்டாய்

பூனை ஆட்டம் செய்தாகிவிட்டது! பழம் எங்கே என்று தெரியாத பக்கத்து வீட்டுப் பையன் கண்ணை மூடி, மீதி இரண்டில் ஒரு டம்ளரைத் தூக்கினான். 36 ஆட்டம். 11 முறை பழமே வெளியே வந்துவிட்டது, அதையெல்லாம் தள்ளினோம். மீதி 25-ல் மாற்றினால் கிடைத்திருக்கும் என்பது 13, மாற்றாமல் இருந்தால் 12. ஒற்றையடிப்பாதை அண்ணா, பூனை தட்டினால் நீங்கள் சொன்ன பாதிக்குப் பாதிதான்!

#16 திண்ணைக்கணக்கு

கணக்கும் அதையே சொல்கிறது. கண்ணுக்குத் தெரிவது இரண்டிலும் ஒன்றேதான்: ஒரு காலி டம்ளர், மூடிய இரண்டு டம்ளர். தூக்கிய கைக்குத் தெரியுமா தெரியாதா என்பதில் வாய்ப்பு மாறுகிறது. பூனை தட்டினால் பழம் வெளியே வந்து வீணாகியிருக்கக்கூடிய ஆட்டங்கள் கழிந்துவிடுகின்றன. தெரிந்தவர் தூக்கினால் ஒன்றுமே கழிவதில்லை. தம்பி, நீங்கள் அந்தச் சந்தேகத்தைக் கேட்காமல் போயிருந்தால் இதை யாரும் இங்கே எழுதியிருக்க மாட்டோம்.

#17 ஒற்றையடிப்பாதை

நன்றி ஐயா. இந்த டம்ளர் விஷயத்தை இன்று ராத்திரி என் தம்பியிடம் போடப் போகிறேன். வாயை மூடிக்கொண்டு இருப்பேன்.

#18 மாடிக்காற்று

முடித்துவிட்டோம்!!! ராத்திரி பன்னிரண்டே கால் மணிக்கு.

நாலுக்கு நாலு வைத்துச் சமமாக நின்றால் கஷ்டமில்லை. வெளியே இருக்கும் நாலில் மூன்றை எடுத்து, நல்லது என்று தெரிந்துவிட்ட மூன்றோடு நிறுத்தால் போதும். சமமாக நின்றால் நாலாவதுதான் மாறியது, அதை ஒரு நல்லதோடு வைத்துக் கனமா லேசா என்று பார்க்கலாம். தட்டு சாய்ந்தால் கனமா லேசா என்பது அப்போதே தெரிந்துவிடும், அந்த மூன்றில் ஒன்றை ஒன்றோடு வைத்தால் முடிந்தது.

சாய்ந்தால்தான் வம்பு. இறங்கிய தட்டில் 1, 2, 3, 4. ஏறிய தட்டில் 5, 6, 7, 8. முதல் நாலில் ஒன்று கனம், இல்லை பின் நாலில் ஒன்று லேசு. வாத்தியார் ஐயா சொன்னபடி மூன்று மூன்றாகப் பிரியணும். கனமானதை ஒரு பக்கமும் லேசானதை ஒரு பக்கமும் என்றே நாங்கள் வைத்துக்கொண்டிருந்தோம். மணியும் நானும் படியில் உட்கார்ந்து நெல்லைச்சீமை எழுதிய ஆச்சி கதையைப் பேசிக்கொண்டிருந்தோம். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பாபு எதுவும் சொல்லாமல் எழுந்து போய், 5-ஐ எடுத்து 1, 2 இருக்கும் தட்டில் வைத்தான். அந்தப் பக்கம் 3, 4, 6. வெளியே 7, 8.

சரவணன் "டேய், கலக்குறியே" என்று திட்ட வாயெடுத்து, அப்படியே நிறுத்திவிட்டான். 1, 2, 5 பக்கம் இறங்கினால் 1 கனம், 2 கனம், இல்லை 6 லேசு. மூன்றே. மறுபக்கம் இறங்கினால் 3 கனம், 4 கனம், இல்லை 5 லேசு. மூன்றே. சமமென்றால் 7 அல்லது 8 லேசு. கடைசி முறை 1-ஐயும் 2-ஐயும் எதிரெதிரே வைத்தால் இறங்குவது மாறியது, சமமென்றால் 6. மற்றதும் அப்படியே.

மணியின் அப்பாவை எழுப்பி, பெட்டிகளைப் புதிதாகக் கலக்கச் சொன்னோம். மூன்று தடவை மாற்றி மாற்றி வைத்தார். மூன்று தடவையும் மூன்றாவது நிறுவையில் சொல்லிவிட்டோம். கடைசித் தடவை எட்டாம் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஐந்தாறு குச்சிதான் கிடந்தது. பாபு அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான்.

தராசைத் திருப்பி வாங்கும்போது அப்பா கேட்டார்: "பதிமூணு பெட்டி இருந்தா? எது மாறினதுன்னு மட்டும் சொன்னாப் போதும், கனமா லேசான்னு சொல்ல வேண்டாம். மூணு தடவைல முடியுமா?" கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

#19 திண்ணைக்கணக்கு

மிகவும் சந்தோஷம், தம்பி. பாபுவிடம் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். பதிமூன்றுக்கு

#20 தேன்மிட்டாய்

ஐயா!!!

#21 திண்ணைக்கணக்கு

சரி அம்மா. சனிக்கிழமை வரை பேசமாட்டேன்.